டீசல் புல்வெட்டி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது: அவ்வப்போது ஓடவிடுவதா, முழுதாகத் தூங்க வைப்பதா?

புல் வளர்ச்சி நின்று, இனி மூன்று நான்கு மாதத்துக்கு வண்டிக்கு வேலையில்லை என்று தெரிந்ததும் இரண்டு வழிகள் முன்னால் நிற்கும். பத்து நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்ற திருப்தியோடு அணைப்பது ஒன்று. ஆயில், டீசல், பேட்டரி எல்லாவற்றையும் ஒரே நாளில் கவனித்து முடித்துவிட்டு, அடுத்த பருவம் வரை சாவியையே தொடாமல் விடுவது மற்றொன்று. இரண்டு வழியிலும் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் டீசல் புல்வெட்டிக்கு, ஓய்வு இரண்டு மாதத்தைத் தாண்டும் என்றால், இரண்டாவது வழிதான் சரி என்பது என் முடிவு.

இதில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புல்வெட்டியை எடுத்துவைப்பது பற்றி நமக்குக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி பெட்ரோல் வண்டிகளுக்குச் சொன்னவை. பெட்ரோல் சில மாதங்களிலேயே கெட்டு, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளில் பிசின் போலப் படியும். அதனால் டேங்கைக் காலி செய், கார்புரேட்டர் வறளும் வரை ஓடவிடு என்பார்கள். டீசல் இன்ஜினில் கார்புரேட்டரே கிடையாது. டீசலும் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. சுத்தமாக, ஈரம் படாமல் இருந்தால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். டீசலுக்கு உண்மையான எதிரி தண்ணீர்தான். கீழே நான் ஒப்பிடும் ஒவ்வொன்றிலும் எது தண்ணீரை உள்ளே விடுகிறது, எது விடாமல் பார்த்துக்கொள்கிறது என்பதை வைத்தே முடிவு செய்திருக்கிறேன்.

பத்து நிமிட ஓட்டம் என்ன செய்கிறது

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஆவி முழுவதும் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினைப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிட்டால் அதில் ஒரு பகுதி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகப் படிகிறது. இன்னொரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது. ஆயில் சூடாகி அந்த ஈரத்தை விரட்டுவதற்குள் நாம் அணைத்துவிடுகிறோம். அடுத்த முறையும் அதேதான். பருவம் முழுக்க இப்படிச் செய்தால், ஓய்வில் விட்டிருந்தால் சேராத ஈரத்தை நாமே கொண்டுபோய்ச் சேர்த்தவர்களாகிறோம்.

சுமையில்லாமல் ஐடிலிங்கில் ஓடுவதில் டீசலுக்கென்று தனியாக ஒரு கெடுதலும் உண்டு. டீசல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. காற்றை இருபது மடங்குக்கும் மேல் அழுத்தி, அந்தச் சூட்டில்தான் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. சுமை இல்லாதபோது அறைக்குள் சூடு போதாமல் டீசல் அரைகுறையாக எரியும். எரியாத மிச்சம் கரியாகவும் பிசுபிசுப்பாகவும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையிலும் சைலன்சரிலும் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். சைலன்சரில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள பெரிய வண்டியாக இருந்தால் இன்னும் மோசம். அந்த ஃபில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். ஐடிலிங் அந்தச் சூட்டைத் தராமல் கரியை மட்டும் தருகிறது. 25 குதிரைத்திறனுக்குக் கீழே உள்ள இன்ஜின்களில் பெரும்பாலும் இந்த ஃபில்டர் இருப்பதில்லை. வீட்டுப் புல்வெட்டிகள் பலவும் அந்த அளவுக்குள்ளேதான் வருகின்றன.

"பேட்டரிக்காவது நல்லதுதானே" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு நிறைய கரண்ட் வேண்டும், அதற்கு முன், குளிர்ந்த இன்ஜின் பற்றுவதற்காக அறையைச் சூடாக்கும் க்ளோ பிளக்குகளும் தங்கள் பங்கை இழுக்கும். லெட் ஆசிட் பேட்டரியை முழுவதுமாக நிரப்பப் பல மணி நேரம் ஆகும். பத்து நிமிட ஐடிலிங் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாலே பெரிது, பேட்டரி நிரம்பாது.

அப்படியானால் முதல் வழிக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது, ஒரே ஒரு நிலையில். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வண்டிக்கு உண்மையான வேலை இருக்க வேண்டும். இழுவை வண்டி மாட்டி மண்ணோ விறகோ இழுப்பது, பனியைத் தள்ளுவது, சருகை அரைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் முழுச் சூட்டுக்கு வந்த பிறகும் அரை மணி நேரமாவது சுமையோடு ஓட வேண்டும். அப்படி ஓடினால் ஈரமும் கரியும் வெளியேறிவிடும், டீசலும் புழங்கிக்கொண்டே இருக்கும். அந்த வண்டி ஓய்வில் இல்லை, குறைவாக உழைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலை உங்களிடம் இல்லையென்றால், சும்மா முற்றத்தில் நின்று உறுமவிடுவதற்காக ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டேங்கை நிரப்புவதா, காலி செய்வதா

இதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் வருடம், பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில், டேங்கை வடித்துவிட்டு வண்டியை நிறுத்தினேன். பருவம் தொடங்கியபோது புது டீசல் ஊற்றினேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. டேங்கிலிருந்து ஃபில்டர், அங்கிருந்து பம்ப், அங்கிருந்து இன்ஜெக்டர் என்று வழி முழுவதும் காற்று பிடித்திருந்தது. ஏர் எடுக்கும் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை டீசலை வெளியே விட்டு, மறுபடி இறுக்கி, பாதி நாள் போயிற்று. நடுவில் விடாமல் செல்ஃப் அடித்ததில் பேட்டரியும் இறங்கிவிட்டது. போனது நேரம்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். காலி டேங்க் செய்யும் பெரிய கெடுதல் அப்போது எனக்குத் தெரியாது.

இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது. அவற்றின் வழியாகப் போகும் டீசலே அவற்றுக்கு உயவு, டீசலே துருத் தடுப்பு. அந்தப் பாகங்களின் இடைவெளிகள் மைக்ரான் கணக்கில் இருக்கும். டீசல் போய்க் காற்று வந்தால், மெல்லிய துருப்படலம்கூட அங்கே சிக்கலாகிவிடும். இன்றைய டீசலில் கந்தகத்தை மிகவும் குறைத்துவிட்டார்கள். அதைக் குறைக்கும் சுத்திகரிப்பில் டீசலின் இயல்பான வழுவழுப்பும் குறைந்துபோகிறது. விற்பனைக்கு வருமுன் அதற்கென ஒரு சேர்மத்தைக் கலக்கிறார்கள். அந்தப் பாகங்கள் உலர்ந்து நிற்பது எந்த வகையிலும் நல்லதல்ல.

பாதி டேங்கோடு விடுவதும் காலி டேங்குக்குக் கிட்டத்தட்டச் சமம். பகலில் சூடேறும்போது டேங்கிலுள்ள காற்று வெளியேறும், இரவில் குளிரும்போது ஈரக்காற்று உள்ளே வரும். டேங்க் இப்படி மூச்சு விடும் ஒவ்வொரு நாளும் சுவர்களில் கொஞ்சம் நீர் வியர்க்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்தக் கோட்டில் நுண்ணுயிரிகளும் பூஞ்சையும் வளர்ந்து, வழவழப்பான கருப்புப் பாசியாகத் திரண்டு, ஃபில்டரை அடைக்கும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது. விமான எரிபொருள் டேங்குகளிலும் இது தொல்லை கொடுத்திருக்கிறது.

ஆகவே நிரப்பித்தான் வைக்க வேண்டும். விளிம்பு வரை அல்ல. டீசல் சூட்டில் விரியும். 20 லிட்டர் டேங்கில் 20 டிகிரி கூடினால் முந்நூறு மில்லிக்கு மேல் பெருகும். கழுத்துக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டால் போதும்.

எந்த டீசலை நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். பயோடீசல் கலப்பு அதிகமுள்ளது ஈரத்தை அதிகம் பிடித்துவைக்கும், சீக்கிரம் ஆக்ஸிஜனேற்றம் அடையும். நீண்ட ஓய்வுக்குக் கலப்பு குறைந்த டீசல் கிடைத்தால் அதையே தேடி நிரப்புங்கள். குளிர் கடுமையான இடமாக இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது, குளிர் இறங்க இறங்க அது பிரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். கோடைக்கான டீசல் டேங்கில் மிஞ்சியிருக்க, அதோடு குளிர்காலத்துக்குள் போகக் கூடாது. மெழுகைத் தடுக்கும் கலவையை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும், கலங்கிய பிறகு ஊற்றினால் பயனில்லை.

டீசலைக் காக்கும் கலவைகளில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. டீசல் பழசாகாமல் தடுக்கும் நிலைப்படுத்தி ஒன்று, நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்து மற்றொன்று. முதலாவதை ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்கும் கலக்கலாம். இரண்டாவது, ஈரப்பதமான இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் நிறுத்துபவர்களுக்கும், ஏற்கெனவே ஃபில்டரில் கருப்புப் பாசி பார்த்தவர்களுக்கும்தான் தேவை. எதைக் கலந்தாலும், கலந்தபின் பதினைந்து இருபது நிமிடம் வண்டியை வேலையில் ஓட்டுங்கள். அப்போதுதான் கலந்த டீசல் இன்ஜெக்டர் வரை போய்ச் சேரும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருந்தால் அதே நாளில் அதையும் வடித்துவிடுங்கள். சில கிண்ணங்களில் ஒரு சிவப்பு வளையம் இருக்கும். அது டீசலில் மூழ்கியே கிடக்கும், தண்ணீர் சேர்ந்தால்தான் மேலே எழும். எழுந்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆயில் எப்போது

நிறுத்தும் முன் மாற்றுவதா, எடுக்கும்போது மாற்றுவதா? நிறுத்தும் முன். ஓடிய ஆயிலில் கரியும் அமிலமும் ஈரமும் இருக்கின்றன. அவை நான்கு மாதம் பேரிங்குகளின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சூடான இன்ஜினிலிருந்து வடித்து, ஃபில்டரும் மாற்றி, டீசலுக்குரிய தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். கலவை கலந்த டீசலோடு ஓட்ட வேண்டிய அந்த இருபது நிமிடத்தை ஆயில் மாற்றிய பிறகு வைத்துக்கொண்டால் ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். மணிக்கணக்கு மீட்டர்படி அடுத்த ஆயில் மாற்றத்துக்கு இன்னும் முப்பது மணி நேரம் மிச்சம் இருக்கிறதே என்று சிலர் யோசிப்பார்கள். மீட்டர் ஓடும் நேரத்தைத்தான் கணக்கிடுகிறது, நிற்கும் நேரத்தை அல்ல.

கூலண்டை ஒருமுறை சோதித்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி என்ற கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, துருவையும் தடுக்கும். குளிரே இல்லாத இடத்திலும் வெறும் தண்ணீர் வேண்டாம்.

பேட்டரி: மூன்று வழிகள்

வண்டியிலேயே விட்டுவிடுவது, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைப்பது, பராமரிப்பு சார்ஜரில் மாட்டி வைப்பது. முதலாவது கடைசித் தேர்வு. சாவி அணைந்திருந்தாலும் மீட்டர், எலக்ட்ரானிக் பெட்டி போன்றவை துளித்துளியாக இழுக்கும். பேட்டரி தானாகவே மாதத்துக்குச் சில சதவீதம் இறங்கும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையில் நாள்பட நிற்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய வலு வராது. உறையும் குளிரில் ஆபத்து இன்னொன்று: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி எளிதில் உறையாது, இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போவதால் அது உறைந்து கூடு வெடிக்கக்கூடும்.

கரண்ட் வசதி இருந்தால் பராமரிப்பு சார்ஜர்தான் சிறந்தது. சாதாரண சார்ஜரை அதற்குப் பதிலாக மாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். அது நிறுத்தாமல் ஏற்றி பேட்டரித் தண்ணீரை வற்றச் செய்யும். பேட்டரி நிரம்பியதும் 13.5 வோல்ட் அளவுக்குத் தானாக இறங்கிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். கரண்ட் இல்லாத கொட்டகையில் என்றால், முழுதாக சார்ஜ் செய்து, நெகட்டிவைக் கழற்றி, மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால்வாசி, உடனே சார்ஜ் செய்ய வேண்டும். 12.0 என்றால் ஏற்கெனவே தாமதம்.

சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பது பழைய மரக்கூட்டு, ரப்பர்க்கூட்டு பேட்டரிகளின் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் கூட்டுக்கு அது பொருந்தாது.

எங்கே நிறுத்துவது

மூடிய கேரேஜ், திறந்த கொட்டகை, வெட்டவெளியில் தார்ப்பாய். கேரேஜ் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டீசல் ஐம்பது டிகிரிக்கு மேல் போனால்தான் பற்றக்கூடிய ஆவியை விடும். பெட்ரோலோ உறையும் குளிரிலும் விடும். அதனால் வீட்டோடு ஒட்டிய கேரேஜில் டீசல் வண்டியை நிறுத்துவது அவ்வளவு கவலை தருவதல்ல. ஆனால் ஓடி முடித்த வண்டியை உடனே உள்ளே தள்ளாதீர்கள். சைலன்சர்மேல் காய்ந்த புல் ஒட்டியிருந்தால் புகையத் தொடங்கும். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடவும் கூடாது.

கொட்டகையில் மண் தரையாக இருந்தால் ஈரம் கீழிருந்துதான் வரும். கனமான பலகையையோ ரப்பர் பாயையோ பரப்பி அதன்மேல் நிறுத்துங்கள். வெட்டவெளியைத் தவிர வழியில்லை என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டாதீர்கள். மழையை அது தடுக்கும், ஆனால் தரையின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்து வண்டியை ஆவியில் வேகவைக்கும். காற்று போகும் கித்தான் உறை, கீழே ஒரு சாண் இடைவெளி, இது போதும். மேலே ஒரு தகரக் கூரை போட முடிந்தால் அந்த உறையைவிட அதுவே மேல்.

எங்கே நிறுத்தினாலும் எலி வரும். ஏர் ஃபில்டர் கூடும் ரேடியேட்டர் விசிறியின் மறைவும் அதற்குப் பிடித்த இடங்கள்; வயர்களையும் கடித்து வைக்கும். காற்று வழியிலும் சைலன்சர் வாயிலும் இரும்புப் பஞ்சை அடைத்துவிட்டு, "பஞ்சை எடு" என்று ஒரு அட்டையைச் சாவியில் கட்டிவிடுவேன். அந்த அட்டை இல்லாமல் பஞ்சை வைக்கவே வேண்டாம்.

ப்ளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடான வெட்டும் டெக்கின் அடியில் ஒட்டிக் காய்ந்த புல்தான் தகட்டை அரிக்கும் பெரிய காரணம். மரச் சுரண்டியால் சுரண்டுங்கள். அழுத்தக் குழாயால் அடித்தால் வேகமாகப் போகும்தான், ஆனால் ப்ளேடு தாங்கும் பேரிங்குகளுக்குள் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீர் பட்டுவிட்டால் ப்ளேடுகளைச் சில நிமிடம் சுற்றவிட்டு உதறி, பிறகு புது கிரீஸை அழுத்திப் பழையதும் ஈரமும் வெளியே பிதுங்கும் வரை ஏற்றுங்கள். காய்ந்த தகட்டில் துருத் தடுப்பு எண்ணெய் ஒரு கை பூசுங்கள். டயரில் குறித்த அளவு காற்றை வைத்தால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் மட்டும் தாங்கி வைத்து வண்டியைத் தூக்குங்கள்.

எந்த வண்டிக்கு எது

ஓய்வு ஆறு வாரத்துக்குள் என்றால் டேங்கை நிரப்பி, டெக்கைச் சுத்தம் செய்து நிறுத்துங்கள், மற்றது வேண்டாம். இரண்டு முதல் ஆறு மாதம் என்றால் மேலே சொன்ன முழு ஏற்பாட்டையும் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டு மறந்துவிடலாம். அதற்கும் மேல், வருடக்கணக்கில் என்றால், நிலைப்படுத்தியோடு நுண்ணுயிர்க் கொல்லியும் சேர்த்து, வருடம் ஒருமுறை அந்த டீசலை மாற்றுவது நல்லது. இதையெல்லாம் செய்ய நேரமோ உடம்போ ஒத்துழைக்காதவர்கள் பட்டறையில் ஆயிலையும் ஃபில்டரையும் மட்டும் கொடுத்து மாற்றிக்கொண்டு, டேங்கையும் பேட்டரியையும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டுக்கும் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

திரும்ப எடுக்கும் நாளில் சாவிக்கு முன் ஆயில் குச்சியைப் பாருங்கள். நிறுத்தியபோது இருந்ததைவிட மட்டம் உயர்ந்திருந்தால் டீசலோ கூலண்டோ உள்ளே கசிந்திருக்கிறது. காரணம் தெரியும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. மட்டம் சரியாக இருந்தால் பஞ்சை எடுத்து, பேட்டரியை மாட்டி, கிண்ணத்தை வடித்துக்கொள்ளுங்கள். டீசலை நிறுத்தும் லீவர் உள்ள வண்டியாக இருந்தால் அதை இழுத்துப் பிடித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள்; எரியத் தொடங்கும் முன் ஆயில் பேரிங்குகளுக்குப் போய்விடும். பிறகு க்ளோ பிளக் விளக்கு அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பற்றவில்லை என்று காற்று வழியில் ஈதர் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிடாதீர்கள். சிவந்த க்ளோ பிளக்கில் பட்டு அது நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனே உடையும். வெள்ளைப்புகை ஓரிரு நிமிடம் வருவது இயல்பு. இன்ஜின் சூடேறியதும் நேராகப் புல்லுக்கு ஓட்டிப் போய் அரை மணி நேரம் வெட்டுங்கள். பிறகு நிறுத்தி, அடியில் சொட்டு விழுகிறதா என்றும், அந்தச் சிவப்பு வளையம் எழுந்திருக்கிறதா என்றும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.